என் கடை வாசலோடு நின்ற பச்சை

அந்தப் பச்சை பெயிண்ட்டை எங்கள் கடைத்தெருவில் அடித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அது என் கடை வாசல் முழுக்க வந்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் என் ஓரகத்தியின் கடை வாசலைத் தொடாமல் நின்றதே, அப்போதுதான் வந்தது.

தஞ்சாவூரில் சைக்கிளுக்கென்று தனித் தடம் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது யாரும் நம்பவில்லை. நடக்கவே இடமில்லாத ஊரில் சைக்கிளுக்கு எங்கே போவார்கள் என்று சிரித்தோம். ஆனால் போட்டுவிட்டார்கள். ஊர் எல்லையில் வயல்கள் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து கிளம்பி, பெண்கள் பள்ளிக்கூட வாசலைத் தொட்டு, எங்கள் கடைத்தெருவுக்குள் நுழைந்தது. சாலையோரத்தை அகலமாகப் பச்சை அடித்து, பஸ்ஸும் காரும் உள்ளே வராமலிருக்க ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் குச்சிகளை வரிசையாக நட்டார்கள். போர்டில் 'மிதிவண்டித் தடம்' என்று எழுதியிருந்தது. அந்தப் பேரை யாரும் சொல்லவில்லை. 'பச்சை' என்றே நிலைத்துவிட்டது.

டேப் பிடித்து அளந்துகொண்டே வந்த ஆள், என் கடைக்கும் ஓரகத்தி கடைக்கும் நடுவில் உள்ள சுவருக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, டேப்பைச் சுருட்டிவிட்டார்.

"என்னங்க, இதோட நிறுத்திட்டீங்க?"

"முதல் கட்டம் இதுவரைக்கும்தாங்க. மிச்சம் ரெண்டாம் கட்டத்துல."

"ரெண்டாம் கட்டம் எப்ப?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று சிரித்துவிட்டுப் போனார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் காலத்தில் இரண்டும் ஒரே பாத்திரக் கடை. அவர் போன பிறகு அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். தம்பி என் கணவர். நடுவில் சுவர் எழுப்பினோம். பெரிய சுவரெல்லாம் இல்லை, ஒற்றைக்கல் சுவர், கூரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. இந்தப் பக்கம் ஒரு தட்டு விழுந்தால் அந்தப் பக்கம் யாராவது 'என்னாச்சு' என்பார்கள். பங்கு பிரிக்கும்போது எவர்சில்வரை நாங்கள் கேட்டு வாங்கிக்கொண்டோம். பித்தளை அவர்களுக்குப் போனது. அப்போது பித்தளையை யார் சீந்தினார்கள்? பாவம், என்ன செய்யப் போகிறார்கள் என்று நான் உண்மையிலேயே இரக்கப்பட்டேன். என் இரக்கம் வீணாய்ப் போனது. சில வருஷத்தில் உலகமே பித்தளைக்குத் திரும்பிவிட்டது. ஈயம் பூசிய பாத்திரத்தில் சமைத்தால்தான் உடம்புக்கு நல்லது என்று எல்லோருடைய செல்போனும் சொல்ல ஆரம்பித்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைக்கிறவர்கள் கூடத் தாம்பூலப் பையில் போடக் குட்டிப் பித்தளைக் கிண்ணம் கேட்டு அவள் கடைக்குத்தான் போனார்கள். என் கடையைத் தாண்டித்தான் போனார்கள்.

நான் பொறாமைக்காரிதான். இல்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கும். பொறாமையே படாதவர்கள் என்று சிலரைச் சொல்கிறார்கள், அவர்களைப் பார்த்தாலும் எனக்குப் பொறாமைதான் வருகிறது. ஆனால் பித்தளைக்காகவோ வியாபாரத்துக்காகவோ நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். என் மகளுக்காகத்தான் போனேன்.

எனக்கு ஒரே பெண். ஓரகத்திக்குப் பிள்ளை இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் பெண் அவளைப் பெரியம்மா என்பாள். பிறந்ததிலிருந்தே அந்தப் பெரியம்மா மடியில்தான் கிடந்தாள். அதற்கு நானே காரணம், எனக்குக் கல்லாவை விட்டு எழுந்திருக்க நேரம் இருந்ததில்லை. இருந்தாலும் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. எங்கள் வீட்டில் 'நீ' என்பது அம்மாவுக்கு மட்டும். அப்பாவுக்கே 'நீங்க'தான். பெரியம்மாவுக்கும் 'நீங்க'. கடைக்கு வருகிறவர்களிடம் 'ங்க' போட்டுப் பேச வேண்டும் என்று நான் அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன், உட்காருங்க, பாருங்க, எடுத்துக்குங்க என்று மழலையில் சொல்வாள், ஜனங்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். பெரியம்மாவோடு எவ்வளவு கொஞ்சினாலும் கடைசியில் அந்த 'ங்க' வந்துவிடும். ஒரு 'ங்க' தூரம் இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பதினோராம் வகுப்பில் எல்லாப் பெண்களுக்கும் அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. என் பெண்ணுக்கும் வந்தது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. எனக்கும் தெரியாது, எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகள் கால் தூக்கி வண்டியில் ஏறுவது என் அப்பாவுக்குப் பிடிக்காது. தெருவில் பஸ் வந்தாலே நான் கடைப்படியில் ஏறி நின்றுகொள்வேன். 'கிடக்கட்டும், ஆட்டோவிலேயே போ' என்று சொல்லிவிட்டேன். சைக்கிள் கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் நடையில் சாய்ந்து கிடந்தது.

பச்சை வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசல் தெளிக்கக் கடை மாடியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இறங்கி வந்தேன். தெருவில் கடை எதுவும் திறக்கவில்லை. என் பெண் சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சீட்டைப் பிடித்தபடி பச்சையில் பின்னாலேயே ஓடுகிறாள். ஐம்பது வயதுக்கு மேல் ஆனவள் அப்படி ஓடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கீழ பாக்காத! தூரமா பாரு! மிதி, மிதி!"

"விட்டுடாதீங்க பெரியம்மா!"

அவள் எப்போதோ விட்டுவிட்டிருந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தபடி நின்றிருந்தாள். என் பெண் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நான் வாளியும் கையுமாக நின்றிருந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அக்காவுக்கு நீடாமங்கலம் பக்கம் கிராமம். அங்கே வாய்க்கால் கரையில் சைக்கிள் மிதித்துத்தான் பள்ளிக்கூடம் போனாளாம். இதை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை. எனக்குத் தெரியாமல் அவளிடம் ஒரு சொத்து இருந்தது போலவும், அதைப் பங்கில் காட்டாமல் மறைத்துவிட்டது போலவும் எனக்குத் தோன்றியது.

அதிலிருந்து என் பெண் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனாள். தடுக்க என்னிடம் காரணம் இல்லை. 'பச்சைக்குள்ள பஸ் வராதும்மா, நீ ஏன் பயப்படுற' என்பாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பச்சையில் சின்னச் சின்னதாக மணிச் சத்தம் கேட்கும். வெள்ளையும் நீலமுமாக வரிசையாக வருவார்கள். என் பெண் என் கடை வாசலுக்கு வருவாள். அங்கே சைக்கிளை நிறுத்த முடியாது, பின்னால் வருகிறவர்களுக்கு வழி வேண்டும். பச்சை முடிகிற இடத்தில்தான் காலியிடம் இருந்தது. அங்கே போய்ப் பெரியம்மா கடை வாசலில் ஸ்டாண்டு போடுவாள். வாசலில் ஸ்டாண்டு போட்டவள் உள்ளே போகாமல் இருப்பாளா? உள்ளே அவளுக்காக ஒரு கிண்ணம் காத்திருக்கும். ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் அவல், வெள்ளிக்கிழமையானால் அசோகா அல்வா. பாசிப்பருப்பு நெய்யில் வேகிற வாசனை சுவருக்கு மேலே இருக்கிற அந்த ஒரு முழம் வழியாக என் கடைக்குள் வரும். பேச்சும் வரும். எந்த டீச்சர் என்ன சொன்னார், யார் யாரோடு சண்டை, எந்தப் பாடம் புரியவில்லை என்று எல்லாமே நான் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு என்னிடம் வருவாள்.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன?" என்பேன்.

"ஒண்ணுமில்லம்மா."

நான் சும்மா இருக்கவில்லை. நானும் ஒரு நாள் பஜ்ஜி வாங்கி வைத்தேன். 'வயிறு ஃபுல்லும்மா' என்றாள். ஆறிப்போன வாழைக்காய் பஜ்ஜியை நானே தின்றேன். என் கணவர் கும்பகோணத்திலிருந்து சரக்கோடு வந்து இறங்கியபோது இதைச் சொல்லி அழாத குறையாகப் பொருமினேன். "உனக்கு வயித்தெரிச்சல்," என்றார். "ஆமா, எரியுது, அதுக்கு இப்ப என்ன?" என்றேன். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

கடைத்தெருவில் அதற்குள் பச்சைக்கு எதிராகப் புகைய ஆரம்பித்திருந்தது. பச்சை போகிற பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வண்டி நிறுத்த இடமில்லை. வருகிறவர்கள் எதிர்ப்பக்கக் கடைகளுக்குப் போகிறார்கள் என்று ஜவுளிக்கடைக்காரர் கத்தினார். ஒரு நாளைக்கு நாலு சைக்கிள் போவதற்கு இவ்வளவு இடமா என்றார் மருந்துக்கடைக்காரர். நாலு சைக்கிள் இல்லை, சாயங்காலம் வந்து பார்த்தால் தெரியும் என்று மருந்துக்கடை மாடியில் ட்யூஷன் எடுக்கிற டீச்சரம்மா சண்டைக்குப் போனார். டீக்கடையில், சலூனில், கோயில் வாசலில் எல்லாம் இதே பேச்சு. வியாபாரிகள் சங்கத்தில் மனு எழுதிக் கையெழுத்து வாங்க வந்தார்கள். நான் போட்டேன். ஆனால் போட்டதோடு சரி. கூட்டத்தில் போய்ப் பேசுவதெல்லாம் என் நினைப்பில் இல்லை.

அப்புறம் சம்பா அறுவடை வந்தது. தை மாத வெயில். ஊர் எல்லையில் பச்சை தொடங்குகிற இடத்தில் வயல்காரர்கள் நெல்லைக் கொண்டுவந்து பச்சை மேலேயே பரப்பிக் காயவைத்துவிட்டார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. சில பெண்கள் அந்தப் பக்கத்துத் தோழிகளை வீடு வரைக்கும் விட்டுவிட்டுத் திரும்புவார்கள். என் பெண்ணும் அன்று போயிருக்கிறாள். நெல் மேல் சக்கரம் ஏறிச் சறுக்கியிருக்கிறது.

அன்று மணிச் சத்தத்தோடு அவள் வரவில்லை. தாமதமாக வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வாசலைக் கடந்து போனாள், என் பக்கம் திரும்பவில்லை. நான் ஒரு அம்மாவுக்குக் குக்கர் மூடியைக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் நாற்காலி இழுபட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு. பஞ்சு எங்கே, பேண்டேஜ் எங்கே என்று அக்கா முணுமுணுப்பது கேட்டது. நெல்லில் சறுக்கி விழுந்த கதை அரைகுறையாக வந்தது. அப்புறம் என் பெண் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னாலும் அந்தச் சுவர் விடாது.

"நீ அம்மாகிட்ட சொல்லிடாத பெரியம்மா."

குக்கர் வாங்க வந்த அம்மா விலை கேட்டுக்கொண்டிருந்தார். காயம் எவ்வளவு, ரத்தம் நின்றதா என்றுதான் ஒரு அம்மாவுக்கு முதலில் தோன்ற வேண்டும். எனக்கு அந்த 'நீ'தான் காதில் நின்றது. எத்தனை நாளாக இது நடக்கிறது? நான் கேட்காத நேரத்தில் எப்போது அந்த 'ங்க' கழன்று விழுந்தது? அக்கா அதைக் கேட்டுத் திடுக்கிட்டதாகவே தெரியவில்லை. "சொல்லல, சொல்லல, காலை நீட்டு," என்றாள். பழகிப்போன மாதிரி சொன்னாள்.

அன்று என் பெண் முழங்காலைச் சுடிதாருக்குள் மறைத்துக்கொண்டு என் முன்னால் நடந்தாள். "ஏன் நொண்டுற?" என்றேன். "மரத்துப் போச்சு," என்றாள். அவள் வாயிலிருந்து வரும் என்று பொறுத்துப் பார்த்தேன். மறுநாளும் பொறுத்துப் பார்த்தேன். வரவில்லை. சொன்னால் நான் சைக்கிளைப் பிடுங்கி வைத்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம், அது எனக்குத் தெரியாமல் இல்லை. பிடுங்கித்தான் வைத்திருப்பேன்.

மாசியில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். பச்சையை எடுப்பதா, வைப்பதா என்று ஜனங்களிடம் கேட்கப் போகிறார்களாம். ஒரு கல்யாண மண்டபத்தில், முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம்கூட அவிழ்க்காமல் நடந்தது. மேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கடைக்காரர்கள் ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துப் பெண்களும் டீச்சர்களும் இன்னொரு பக்கம். பெண் வீடு மாப்பிள்ளை வீடு மாதிரிதான் இருந்தது. என் மகள் சீருடையில் பின்வரிசையில் இருந்தாள். அக்கா அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கடைக்காரியாக இருந்துகொண்டு அந்தப் பக்கம்.

ஜவுளிக்கடைக்காரர் பேசினார், மருந்துக்கடைக்காரர் பேசினார், டீச்சரம்மா பேசினார். ஒருவர் ஆம்புலன்ஸுக்கு வழியில்லை என்றார். இன்னொருவர், வழியை அடைப்பது சைக்கிளா, கடை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நிற்கிற காரா என்று கேட்டார். கைதட்டலும் கூச்சலுமாக இருந்தது. வயல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"ஐயா, நாங்க அது நெல்லு காயவைக்க அரசாங்கம் போட்டுக் குடுத்த களம்னுதான் நெனச்சோம். பச்சையா அடிச்சிருக்கீங்க, சுத்தமா இருக்கு, வண்டி வராம குச்சி வேற நட்டிருக்கீங்க. எங்க ஊருக்கு உலர்களம் வேணும்னு ரொம்ப நாளா மனு குடுத்துக்கிட்டிருந்தோம். குடுத்துட்டாங்கன்னு சந்தோஷமா பரப்பிட்டோம்."

மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. "எடுக்கறதுன்னா அறுப்பு முடிஞ்சு எடுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா எழுந்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து நான் அவளைப் பார்த்ததில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

"எங்க ஊர்ல வாய்க்கா கரை இருந்துச்சுங்க. அந்தக் கரையில சைக்கிள் விட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். கரை இல்லைன்னா அஞ்சாங்கிளாஸோட என்னை நிறுத்தியிருப்பாங்க. இந்தப் புள்ளைங்களுக்கு இந்தப் பச்சைதாங்க கரை. என் கடைக்கு முன்னாடியும் போட்டுக்குங்க. வண்டி நிறுத்த இடமில்லாட்டி பரவாயில்ல. பித்தளை வேணுங்கறவங்க நடந்து வருவாங்க."

பள்ளிக்கூடத்துப் பக்கம் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் மகள் விசில் அடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் பக்கத்திலேயே இரண்டு பேர் தலையாட்டினார்கள். சங்கத் தலைவர் என் பக்கம் குனிந்து, "நீங்க ஏதாவது சொல்லுங்கம்மா, உங்க வீட்டு ஆளே இப்படிப் பேசுறாங்களே," என்றார்.

நான் எழுந்தேன். தயார் செய்துகொண்டு எதுவும் போகவில்லை, மைக்குக்கும் காத்திருக்கவில்லை.

"களம்னு நெனச்சு பரப்பிட்டோம்னு இவர் சொன்னார், எல்லாரும் சிரிச்சீங்க. அந்த நெல்லுல சறுக்கி விழுந்தது என் பொண்ணு. முட்டி பேந்து ரத்தமா வந்தா. கரைன்னு சொல்றாங்க. கரையில விழுந்தா தண்ணியில விழுவோம், இங்க விழுந்தா பஸ்ஸுல விழணும். பேசறவங்க பேசுவாங்க, அவங்களுக்கு என்ன? பெத்தவ நான். பெத்தவ சொல்றேன், எடுத்துடுங்க."

எங்கள் பக்கம் கைதட்டல் விழுந்தது, அது இதுவரை விழுந்ததிலேயே பெரியது. 'பெத்தவ' என்று சொல்லும்போது நான் அதிகாரியைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தேன். அவள் கையில் அப்போதும் மைக் இருந்தது. அதைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் பெண் பையைக்கூட இறக்கவில்லை.

"நான் விழுந்தது உனக்கு யார் சொன்னா?"

"ஏன், தெரியக்கூடாதா?"

"பெரியம்மா சொல்லல. எனக்குத் தெரியும், அவங்க சொல்ல மாட்டாங்க. நீ சுவர்ல காத வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியா?"

'அவங்க' என்றாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆக, நேரில்தான் 'நீ', பின்னால் 'அவங்க'தான் என்று ஒரு அற்ப சந்தோஷம். அவள் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டையெல்லாம் போடவில்லை. பேசாமலும் இல்லை. 'சாப்பாடு வேணாம்.' 'சாவி எங்க?' 'ரெக்கார்டு நோட்டு வாங்கணும்.' கேட்டதற்குப் பதில், தேவைக்கு ஒரு வார்த்தை. பரீட்சை வருஷம், படிக்கிற பெண் அப்படித்தான் இருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

பச்சையை எடுப்பதென்றே முடிவானது, ஆனால் அறுப்பெல்லாம் முடிந்த பிறகுதான் எடுத்தார்கள். ஒரு நாள் காலையில் மிஷினோடு ஆட்கள் வந்து குச்சிகளை அடியோடு அறுத்தார்கள். பச்சை மேல் தார் ஊற்றினார்கள். வெயில் ஏறுவதற்குள் என் கடை வாசல் கறுப்பாகிவிட்டது. நான் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலமே கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் பித்தளைக் கடை எங்கே என்று என்னிடமே கேட்டார்கள். கேட்கட்டும் என்று கையைக் காட்டினேன். அன்று என்னை எதுவும் தொடவில்லை. ஏனென்றால் சைக்கிள் நின்றுவிட்டது. தெருவில் சைக்கிள் விடக் கூடாது என்று நான் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாளிலிருந்து ஷேர் ஆட்டோ பேசினேன். என் கடை வாசலில் ஏற்றி என் கடை வாசலிலேயே இறக்கிவிட வேண்டும் என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

நான் நினைத்தது நடந்தது. என் பெண் முதலில் என்னிடம்தான் வந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, சுண்டல் கிண்ணத்தை வைப்பேன். சாப்பிடுவாள். நோட்டைப் பிரித்துப் படிப்பாள். கடைக்கு யாராவது வந்தால் எழுந்து, 'வாங்க, என்ன பாக்குறீங்க?' என்று நன்றாகவே பேசுவாள். அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் எதுவும் வராது. அக்கா நாள் முழுக்கக் கடையில்தான் இருந்தாள், ஆனால் என் காதுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அல்வா வாசனை வருவதும் நின்றுவிட்டது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பொய். எப்போது திரும்ப வரும் என்று மூக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன பிறகு, பிராக்டிகல் பரீட்சை வந்தது. அன்று காலை என் பெண் ரெக்கார்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். ஆட்டோ வரவில்லை. போன் போட்டேன். "ரயிலடியில மாட்டிக்கிட்டேங்க. ரெண்டு பக்கமும் வண்டிய நிறுத்தி வச்சிருக்காங்க, நகரவே முடியல," என்றார் டிரைவர். வேறு ஆட்டோ பார்த்தேன். எங்கள் தெருவிலும் அதே கதைதான், என் வாசலில் யாருடைய காரோ, அதற்குப் பின்னால் இன்னொரு கார், பஸ் ஒன்று ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என் கணவர் ஊரில் இல்லை. என் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நோட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பக்கத்துக் கடை ஷட்டர் பாதி ஏறியது. அக்கா வெளியே வந்தாள். பச்சையை எடுத்த பிறகு அவள் தன் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். சைக்கிள் தெரிந்தவளுக்கு அதெல்லாம் ஒரு வாரத்து வேலை. மண்டபத்தில் நான் பேசிய நாளிலிருந்து அவள் என்னிடம் நேராகப் பேசியதில்லை. இப்போது என் வாசலில் வந்து நின்றாள். என் பெண்ணைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"நான் கொண்டு போய் விடட்டுமா?"

என் பெண்ணும் என்னைத்தான் பார்த்தாள். அக்கா என் அனுமதிக்காகக் கை கட்டி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எத்தனையோ நாள் ஆசை. நின்றாள். நான் சொல்வதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

"விட்டுட்டு வாங்கக்கா."

என் பெண் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையில் ரெக்கார்டு நோட்டு. இன்னொரு கையை எங்கே வைப்பது என்று அவள் யோசிக்கவில்லை, பெரியம்மா இடுப்பைச் சுற்றிப் போட்டாள். முகத்தை அவள் முதுகில் வைத்துக்கொண்டாள். சைக்கிளில் போனவரைக்கும் அவள் தனியாகப் போனாள், தனியாக வந்தாள். இப்படிச் சேர்த்து உட்காரவைத்தது நான்தான் என்று அப்போது உறைத்தது. எனக்கு ஸ்கூட்டரும் தெரியாது.

வண்டி கிளம்புமுன் என் பெண் என் பக்கம் திரும்பினாள். கோபமெல்லாம் முகத்தில் இல்லை. மலர்ச்சியாகவே இருந்தாள்.

"போயிட்டு வரேம்மா. நீங்க டிபன் சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டுக்குங்க."

நான் அவளையே பார்த்தேன். அவள் வேண்டுமென்று சொன்னது மாதிரி இல்லை. வாய் தவறிச் சொன்னது மாதிரியும் இல்லை. இத்தனை மாதமாகச் சாவி எங்க, நோட்டு எங்க என்று 'நீ'யும் இல்லாமல் 'நீங்க'வும் இல்லாமல் பேசி வந்தவள், எங்கேயோ முடிவு செய்து பழகியும் விட்டாள். உட்காருங்க, பாருங்க, எடுத்துக்குங்க என்று நான் சொல்லிக்கொடுத்த அதே மரியாதை, அதே குரல். அக்காவுக்கும் கேட்டிருக்கும், வண்டிக் கண்ணாடியில் ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

ஸ்கூட்டர் இரண்டு காருக்கு நடுவில் புகுந்துகொண்டிருந்தது. கடை வாசலில் நிற்கிற பழக்கத்தில், "சரிங்க," என்றேன்.